வாலில்லாத சொற்கள்

"உங்கட மகன்ட சொல்லுக்கு வாலில்ல டீச்சர்," என்றாள் பைரூஸா.

ஜுனைதா ஸ்கூட்டியின் எஞ்சினை நிறுத்தவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. பாலர் பாடசாலை வாசல் படலையடியில் மற்றத் தாய்மாரெல்லாம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்கிற நேரம் பார்த்து, பாடசாலையை நடத்துகிற பைரூஸா இப்படி ஒரு பேச்சை எடுக்கிறாள்.

"வாலா? என்ன வால்?"

பைரூஸா ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். காலையில் அவள் கதிரை சறுக்கி விழுந்துவிட்டாளாம். மற்றப் பிள்ளைகள் "டீச்சர் விழுந்திட்டா" என்று கத்தின. ஹாதிக் மட்டும் எழும்பி நின்று, "டீச்சர் விழுந்த, நான் பாத்த, எல்லாரும் சிரிச்ச" என்றானாம். விழுந்தாளா, விழுந்தானா, விழுந்தேனா என்று ஒன்றும் இல்லை. சொல் பாதியில் அறுந்து தொங்குகிறது. நாலரை வயது. இந்தத் தவணை முடிவதற்குள் சரிவராவிட்டால், அடுத்த வருடமும் அவனைச் சின்ன வகுப்பில்தான் வைத்திருக்க வேண்டி வரும்.

"நீங்க தமிழ் டீச்சர். உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல," என்று முடித்தாள்.

அந்தக் கடைசி வசனம்தான் ஜுனைதாவைக் கொளுத்திவிட்டது. கல்முனையில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் அவள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 'மாடுகள் மேய்ந்தது' என்று எழுதினால் அவளுடைய சிவப்புப் பேனை தாளைக் கிழித்துக்கொண்டு போகும். அப்படிப்பட்டவளுடைய மகனின் வாயில் வினைமுற்று இல்லை. இந்தக் கதை அஸர்த் தொழுகைக்கு முன் மருதமுனை முழுக்கப் போய்ச் சேரும். மஃரிபுக்கு முன் பாண்டிருப்பைத் தாண்டிக் கல்முனைச் சந்தைக்கும் போய்விடும். வீடு வந்து சேரும்வரை அவள் பைரூஸாவை மனதுக்குள் ஏசினாள். கதிரையிலிருந்து விழுந்தவள் இன்னும் கொஞ்சம் பலமாக விழுந்திருக்கலாம் என்றும் நினைத்தாள். பிறகு பாவம் பொறுக்க அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டாள்.

இந்த ஊர் அவளைச் சும்மா விட்ட நாளே இல்லை. ஹாதிக் மூன்று வயது கழிந்தும் வாய் திறக்காமல் இருந்தபோது ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஓதி ஊதிய தண்ணீரைக் கொடு என்றது ஒரு வீடு. போனைக் கையில் கொடுத்ததால்தான் என்றது இன்னொன்று. தாய் வேலைக்குப் போனால் பிள்ளை ஆரோடு கதைக்கும் என்று மச்சி ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிந்தது, "புள்ள வாப்பாவப் போலதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் மீதுதான். ஏனென்றால் அது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

அவளுடைய கணவர் முனாப் கதைக்க மாட்டார். மாவனல்லைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவர், கைத்தறிச் சாரம் எடுக்க மருதமுனைக்கு வந்துபோன இடத்தில் சம்பந்தம் பேசி முடிந்தது. இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டிலேயே குடியிருந்து, கல்முனைக் கடைத்தெருவில் ஒரு கடை போட்டுக்கொண்டார். தாய் தகப்பன் மௌத்தாகிப்போன மனிதர், ஊருக்குப் போக்குவரத்தும் குறைவு. எப்போதாவது அங்கிருந்து அழைப்பு வந்தால் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்துவிடுவார். வீட்டில் 'ம்', 'ஓம்', 'சரி'. மிஞ்சிப்போனால் 'உப்பு கூட'. நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், கைநீட்டாதவர். ஆனால் வீட்டில் ஒரு அலுமாரி நிற்பதற்கும் அவர் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஜுனைதா அவர் காதுபடவே சொல்லுவாள். அதற்கும் அவர் 'ம்' என்பார்.

ஹாதிக் கடைசியில் ஒரு நாள் வாய் திறந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் படலைக்கு ஓடினவன், "வாப்பா வந்த" என்றான். ஜுனைதா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கமெல்லாம் பால்சோறு கொடுத்தாள். சொல்லுக்கு வால் இருக்கிறதா என்று அன்று அவள் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். வீட்டுக்கு வந்தவுடன் மகனைக் கதிரையில் இருத்திச் சோதனை வைத்தாள். உம்மா என்ன செய்தாள் என்று கேட்டால், "உம்மா ஏசின" என்றான். நீ என்ன செய்தாய் என்றால், "நான் அழுத" என்றான். பூனை என்ன செய்தது என்றால், "பூனை ஓடின" என்றான். உம்மாவும் அவனும் பூனையும் ஒரே மாதிரிதான் முடிந்தார்கள்.

மூலையில் சாரம் மடித்துக்கொண்டிருந்த முனாப் தலையைத் தூக்கினார். என்னவோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்தார். பிறகு, "சின்னப் புள்ளதானே," என்றார்.

"நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்றாள் ஜுனைதா. "உங்களப் பாத்துத்தான் இவன் இப்பிடி வந்து நிக்கிறான். ஒரு மனுசன் புள்ளையோட நாலு வார்த்த கதைச்சா என்ன கொறஞ்சா போகும்?"

முனாப் சாரத்தை மடித்தார்.

அடுத்த வாரம் அவள் லீவு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சை நடக்கிற அறைக்குப் போனாள். அங்கே விதுசா என்றொரு பாண்டிருப்புப் பிள்ளை இருந்தாள். தரையில் சம்மணம் போட்டு இருந்து ஹாதிக்கோடு பொம்மை மாடு, பொம்மை லொறி எல்லாம் ஓட்டினாள். பிறகு ஜுனைதாவிடம் வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். பிந்திக் கதைக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேருக்கு முதலில் சொற்கள் வரும், சொல்லின் கடைசித் துண்டுகள் சுணங்கி வரும். பலருக்குத் தானாகவே சரிவந்துவிடும். அவன் பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம், ஏச வேண்டாம். அதே வசனத்தை முழுசாக, சாதாரணமாகக் கதைக்கிற மாதிரி அவனுக்குத் திருப்பிச் சொன்னால் போதும்.

"வீட்டில ஆரார் பிள்ளையோட கதைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நான்தான். வாப்பா கதைக்கிறதில்ல."

"கொஞ்சமும் இல்லையா டீச்சர்?"

"சுவரோட கதைச்சாலும் எதிரொலி வரும் தங்கச்சி," என்றாள் ஜுனைதா.

விதுசா சிரித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது வாப்பாவையும் கூட்டி வாருங்கள் என்றாள். அவரைக் கூட்டி வந்து என்ன, கதிரைக்குத்தான் பாரம் என்று நினைத்துக்கொண்டு ஜுனைதா வெளியே வந்தாள்.

விதுசா சொன்னதில் பொறுமையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டாள். அவன் "நான் வந்த" என்றால், "ஓம் மகன், நீ வந்தாய்" என்றாள். அவன் "நான் சோறு தின்ன" என்றால், "ஓம் மகன், நீ சோறு திண்டாய்" என்றாள். காலை எழும்பினதிலிருந்து இரவு படுக்கும்வரை நீ வந்தாய், நீ போனாய், நீ இருமினாய். சாதாரணமாகக் கதைக்கிற மாதிரி என்றுதான் விதுசா சொல்லியிருந்தாள். ஜுனைதா கதைத்தது பொலிஸ் விசாரணை மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் வால் முளைத்தது. வளவுக்குள்ளிருந்து ஓடி வந்த ஹாதிக், "நீ வந்தாய்" என்றான் தெளிவாக. ஜுனைதாவுக்குக் கண்கலங்கிப்போனது. அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லையே, வந்தது அவன்தானே என்பது பிறகுதான் உறைத்தது. அவன் தன்னைத்தான் 'நீ' என்கிறான். உம்மா அவனைப் பார்த்து 'நீ' என்கிறாள், ஆகவே அவன்தான் 'நீ'. பிள்ளையின் கணக்கில் பிழை இல்லை. அன்று இரவு சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "உனக்குப் பசிக்கிது, உனக்கு மீன் வேணும்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்க, முனாப் தன் கோப்பையிலிருந்த மீன் துண்டை எடுத்துப் பேசாமல் அவன் சோற்றில் வைத்தார்.

வீட்டுக்குள் என்றால் சமாளித்திருக்கலாம். பாலர் பாடசாலையில் அவன் பைரூஸாவுக்கு முன்னால் போய் நின்று, காலை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ மூத்திரம் பெய்யப் போறாய்" என்றிருக்கிறான். பைரூஸாவுக்கு அப்படியொரு எண்ணமே இருக்கவில்லை. பிள்ளை தனக்குக் கட்டளை போடுகிறான் என்று நினைத்து அவனைப் பிடித்து மூலையில் இருத்தினாள். சற்று நேரத்தில் மூலை நனைந்தது. பிறகு பாய், பிறகு பக்கத்துப் பிள்ளையின் புத்தகப் பை.

படலையடியில் மறுபடியும் தாய்மார் கூட்டம். ஜுனைதா ஈரக் காற்சட்டையைப் பையில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கோபம் முழுக்க இப்போது விதுசா மீது திரும்பியது. நேற்றுப் படித்து வந்த பிள்ளை, அவளுடைய வைத்தியத்தைக் கேட்டு நடந்தது தன்னுடைய மடத்தனம். இத்தனை வருடம் தமிழ் படிப்பித்தவளுக்குத் தன் மகனுக்குப் படிப்பிக்க ஏலாதா?

அவள் தன்னுடைய முறையைத் தொடங்கினாள். 'நான்' வேண்டாம், 'நீ' வேண்டாம். குழப்பமே அதில்தான். இனிப் பெயர் மட்டும். ஹாதிக் வந்தான். ஹாதிக் குளித்தான். ஹாதிக் புட்டுத் தின்றான். மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு திருப்பிச் சொன்னான். மூன்று நாலு நாளில் 'ஆன்' நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒட்டுக்கஞ்சி போலப் பிடித்துக்கொண்டது. பூனை ஓடினான். பாண்கார அங்கிள் வந்தான். உம்மா ஏசினான்.

உம்மாவை 'ஆன்' என்றதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய பாடசாலை அதிபர் தன் மகளின் கலியாண அழைப்போடு வீட்டுக்கு வந்தார். உடம்பு பருத்த மனிதர், மோட்டார் சைக்கிளை வெளியே விட்டுவிட்டு மூச்சு வாங்க உள்ளே நடந்து வந்தார். படலையடியில் நின்ற ஹாதிக் குசினிப் பக்கம் திரும்பி அறிவித்தான்.

"உம்மா, சேர் வந்தான். பெரிய வண்டி வந்தான்."

அதிபர் பின்னால் திரும்பித் தெருவைப் பார்த்தார். வண்டி ஒன்றும் வரவில்லை. பிறகு பிள்ளையின் விரல் நீண்டிருந்த திசையைக் கவனித்தார். அது தன்னுடைய வயிற்றுக்கு நேராக இருந்தது; ஊர்ப்பேச்சில் வயிறும் வண்டிதான்.

அவர் பெரிய மனதோடு இருந்து நெஸ்கஃபே குடித்தார். பிள்ளைகள் அப்படித்தான் என்றுகூடச் சொன்னார். அடுத்த நாள் பாடசாலையில் நேரசூசி மாறியிருந்தது. கடைசிப் பாடவேளையெல்லாம், யாரும் போக விரும்பாத ஒன்பதாம் வகுப்புக்கு ஜுனைதா என்று போடப்பட்டிருந்தது. வெக்கையில் நாற்பது பிள்ளைகள் கொட்டாவி விட, அவள் அங்கே நின்று எச்சவினையும் முற்றுவினையும் படிப்பித்தாள்.

வீட்டுக்கு வந்து ஹாதிக்கை மறுபடி கதிரையில் ஏற்றினாள். மரியாதை. இனி எல்லாம் மரியாதையாக. 'ஆன்' என்று வாயில் வரக் கூடாது. வாப்பா வந்தார், மாமா வந்தார், சேர் வந்தார். "ஆர், ஆர், ஆர்," என்று மேசை அதிரத் தட்டினாள். முனாப் அந்த நேரத்தில் எழுந்து வந்து, பிள்ளையின் தலையில் கையை வைத்து, "போதும்," என்றார்.

"அப்ப நீங்க படிப்பிச்சிக் குடுங்க," என்றாள் அவள். "வாங்க. இஞ்ச இருங்க. ஒரு வசனம் சொல்லிக் குடுங்க பாப்பம்."

அவர் கையை எடுத்தார். முகம் சிவந்துபோயிருந்தது. வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார்.

'ஆர்' வந்தது. எல்லாருக்கும் வந்தது. காகம் வந்தார், ரொட்டியைத் தூக்கினார். நுளம்பு கடித்தார். ஹாதிக் குளித்தார், ஹாதிக் பல் விளக்கினார். வாழைப்பழம் அழுகினார். ஜுனைதா பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதை கூடினால் குற்றமில்லை, குறைந்தால்தான் குற்றம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பின்நேரம் ஸ்கூட்டியில் அவனை முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிவாசல் ஒழுங்கையால் வந்தாள். எதிரே பள்ளிவாசல் தலைவர் வெள்ளை ஜுப்பாவோடு நடந்து வந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு சொறிநாய். ஜுனைதா ஸ்கூட்டியை மெதுவாக்கி ஸலாம் சொன்னாள். ஹாதிக் கையை நீட்டினான்.

"உம்மா, தலைவர் வந்தார். நாய் வந்தார்."

தலைவர் நின்றார். திரும்பி நாயைப் பார்த்தார். நாயும் நின்று அவரைப் பார்த்தது.

"டீச்சர்," என்றார் தலைவர், "எனக்கும் இதுக்கும் ஒரே மரியாததானா?"

அவள் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கதவைச் சாத்தினாள். பிறகு, பைரூஸாவுக்கும் விதுசாவுக்கும் அதிபருக்கும் தலைவருக்கும் ஊருக்கும் சேர வேண்டியதையெல்லாம் அந்த நாலரை வயதுப் பிள்ளையின் தலையில் கொட்டினாள். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றாள். உன்னாலதான் என்றாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் தொறந்தா ஒழுங்காத் தொற. ஏலாட்டி மூடு."

அவன் மூடினான்.

முதல் நாள் அவள் பிடிவாதம் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் ரொட்டிக்குச் சீனி வேண்டுமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான். வேறு என்ன கேட்டாலும் 'ம்' என்றான். பூனை மீன் சட்டியைத் தட்டி விழுத்தியபோது அவளைக் கூட்டிக்கொண்டு போய் விரலால் காட்டினான். வால் இல்லாமல் ஒரு சொல், பிழையாக ஒரு சொல், நாய்க்கு மரியாதையாக ஒரு சொல், எதுவாவது வராதா என்று அவள் ஏங்கத் தொடங்கினாள். இரவில் அவன் நித்திரையானதும் பக்கத்தில் இருந்து அவன் வாயையே பார்த்தாள். தன் குரல்தான் அவன் தொண்டைக்குள் போய் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குப் போக வேறு இடம் இல்லாமல் அது முனாப்பிடமே போனது.

"நீங்க வாயத் தொறந்து கதைக்கிற ஒரு வாப்பாவா இருந்திருந்தா இந்தப் புள்ளைக்கு இந்த நில வந்திருக்குமா? எட்டு வருசமா நான் ஒருத்தி மட்டும் இந்த வீட்டில கதைச்சிக்கொண்டிருக்கன். எனக்கும் அலுக்காதா?"

முனாப் அவளைப் பார்த்தார். அவருடைய கண்ணில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் மகனைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்தார்.

"கடலடிக்கு," என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் பின்நேரம் அவர்கள் இப்படித்தான் போவார்கள். இரண்டு ஊமைகளும் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறதுகள் என்று ஜுனைதா நினைத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை முனாப் கடைக்குப் போய்விட்டார். ஜுனைதா முன் விறாந்தையில் பத்தாம் வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஹாதிக் படலையில் தொங்கிக்கொண்டு நின்றான். உச்சி வெயில் ஏறுகிற நேரம் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"மகன், முனாப்புட வீடு இதா?"

ஜுனைதா எழும்பப் போனாள். பிள்ளை பதில் சொல்ல மாட்டான், மனிதர் என்ன நினைப்பார்? அதற்குள் ஹாதிக்கின் குரல் கேட்டது.

"ஓம். வாப்பா கடைக்குப் போன. இப்ப வார. நீங்க எங்கேருந்து வந்த?"

அவளுடைய பேனை தாளில் அப்படியே நின்றுவிட்டது.

"நான் மாவனல்லேலேருந்து வந்த மகன்," என்றார் பெரியவர், வெகு சாதாரணமாக. "விடிய சுபஹோட வெளிக்கிட்ட. மகியங்கனையில டயர் வெடிச்ச. அதான் சுணங்கின."

"டயர் வெடிச்சா வான் பெரளுமா?"

"பெரளல்ல. நான் இறுக்கிப் புடிச்சி நிப்பாட்டின."

"கடுகண்ணாவையில கல்லுக்குள்ளால ரோட்டு போற எண்டு வாப்பா சொன்ன. நீங்க அதுக்குள்ளால வந்த?"

"அதுக்குள்ளாலதான் வந்த. வாப்பா வேற என்ன சொன்ன?"

வாப்பா நிறையச் சொல்லியிருந்தார். ஹாதிக் படலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்தான். வாப்பா சின்னத்தில் ஆற்றில் விழுந்த. வாப்பாட வாப்பா தலைமயிரில் பிடித்துத் தூக்கின. வாப்பா அழவில்லை, ஆனால் ஒரு செருப்புப் போன. ஆறு கடலுக்குப் போற, கடல் எல்லா ஊரையும் சுத்தி வார, ஆனபடியால் அந்தச் செருப்பு ஒரு நாள் மருதமுனைக்கு வரும் எண்டு வாப்பா சொன்ன. அதைத்தான் வாப்பாவும் அவனும் ஒவ்வொரு நாளும் கடலடிக்குப் போய்த் தேடுற.

பெரியவர் வானில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

ஜுனைதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய பத்தாம் வகுப்பே எழுதத் திணறுகிற வசனங்கள். வசனத்துக்குள் வசனம், காரணம், நிபந்தனை, கேள்வி. வாலைத் தவிர அதில் எதுவும் குறையவில்லை. அந்த வால் இந்தப் பெரியவருக்கும் இல்லை. அறுபது வயது மனிதர் 'நான் வந்த' என்கிறார், 'டயர் வெடிச்ச' என்கிறார். அவரை யாரும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவருடைய ஊரே இப்படித்தான் கதைக்கிறது. பிள்ளை பிழையாகக் கதைக்கவில்லை. அவன் மாவனல்லைத் தமிழ் கதைக்கிறான்.

இந்தத் தமிழை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். கலியாணம் முடிந்த கிழமை, இதே விறாந்தையில், புது மாப்பிள்ளை "நான் நல்லாத் தின்ன, இனிப் போதும்" என்று சொன்னபோது அவளுடைய கூடப்பிறந்த காக்காமார் பாயில் விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததோடு விடாமல், எல்லாருக்கும் முன்னால், "தின்ன இல்ல, திண்டன்" என்று திருத்தினாள். அடுத்த நாளும் திருத்தினாள், அதற்கடுத்த நாளும். கொஞ்ச நாளில் திருத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. மனிதர் பழகிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ம், ஓம், சரி. உப்பு கூட. சின்னப் புள்ளதானே. போதும். கடலடிக்கு. தமிழ் டீச்சரான அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது, எட்டு வருடமாக அவர் அவளுக்கு முன்னால் வால் தேவைப்படுகிற ஒரு வினைச்சொல்லையும் வாயில் எடுக்கவில்லை.

கோபம் குபுகுபு என்று ஏறியது. யார் மீது என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பைரூஸா கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாள். விதுசா வாப்பாவைக் கூட்டி வா என்றுதான் சொல்லியிருந்தாள். விறாந்தையில் அவளையும் சிவப்புப் பேனையையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் படலையடிக்குப் போய் ஸலாம் சொன்னாள். பெரியவர் தன்னை றிஷாட் ஹாஜியார் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். முனாப்பும் அவரும் ஒரே ஒழுங்கை, சாரம் எடுக்க இந்தப் பக்கம் வந்தவர் அவனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். அவள் அவரை உள்ளே கூட்டிவந்து இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தாள். ஹாதிக் அவருடைய மடியில் ஏறி இருந்துகொண்டு, மலையில் குளிரா, குளிர் ஏன் இங்கே வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தன் பங்கைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் விருந்தாளியிடம் முறையாக ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"அவர் இப்ப வந்திருவார் ஹாஜியார். வந்தாலும் பெரிசாக் கதைக்கமாட்டார், கொற நெனைக்காதீங்க. அவர் சுபாவமே அப்பிடி."

ஹாஜியார் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆரு, எங்கட முனாப்பா? ஊர்ல அவனுக்கு நாங்க வெச்ச பேரே ரேடியோ புள்ள. இங்க வந்த பொறகு அத ஆரு ஓஃப் பண்ணின?"